ஒபாமாவா, ஹிலாரியா? இழுபறி பிரைமரியைக் கணிப்பது எப்படி

அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் 2008 அதிபர் வேட்பாளர் போட்டியை வைத்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய மாநிலவாரியாக நடக்கும் வாக்கெடுப்புதான் பிரைமரி.

கேள்வி: கருத்துக்கணிப்பில் 5 புள்ளி முன்னிலை இருந்தால் வெற்றி உறுதிதானே சார்?

பதில்: இல்லை. 600 பேரிடம் கேட்டால், ஒரு வேட்பாளரின் சதவீதமே 4 புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம். ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறையும் என்பதால், இருவருக்கும் உள்ள இடைவெளியில் அந்தப் பிழை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். பிரைமரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிற்பவர்கள் எல்லோரும் ஒரே கட்சி, அதனால் வாக்காளர் கடைசி நாளில்கூட மனம் மாறுவார். நியூ ஹாம்ப்ஷயரில் ஒபாமா ஏழெட்டுப் புள்ளி முன்னிலையில் இருப்பதாகக் கணிப்புகள் சொல்லின. ஜனவரி 8 அன்று பெட்டியைத் திறந்தால், ஹிலாரி 39.1 சதவீதம், ஒபாமா 36.5.

கேள்வி: பெரிய மாநிலங்களைப் பிடித்தும் ஹிலாரி எப்படித் தோற்றார்?

பதில்: மாநிலங்களை எண்ணாதீர்கள், டெலிகேட்டுகளை எண்ணுங்கள். டெலிகேட் என்பவர் கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதி; ஓட்டு விகிதப்படி இவர்கள் பங்கிடப்படுவார்கள். பிப்ரவரி 5 அன்று நியூ ஜெர்சியில் 11 லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். ஹிலாரிக்கு 59 டெலிகேட், ஒபாமாவுக்கு 48, ஆக ஹிலாரிக்கு 11 கூடுதல். அதே நாளில் ஐடஹோ காக்கஸுக்கு (கட்சிக்காரர்கள் நேரில் கூடி ஆதரவைக் காட்டும் கூட்டம்) வந்தவர்கள் சுமார் 21 ஆயிரம் பேர்தான். அங்கே ஒபாமா 15, ஹிலாரி 3. நியூ ஜெர்சி லாபம் மொத்தமும் அந்தச் சின்ன மாநிலத்திலேயே கரைந்துபோனது. ஹிலாரி தரப்பு காக்கஸ் மாநிலங்களைக் கவனிக்காமல் விட்டதுதான் தோல்விக்கு முக்கியக் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: டெலிகேட் கணக்கை நாமே போட முடியுமா?

பதில்: தாராளமாக. தொகுதிவாரியாகப் போடுங்கள். முதலில் 15 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களை நீக்கிவிட்டு, மீதி ஓட்டை நூறாக்கிச் சதவீதம் பாருங்கள். அதைத் தொகுதியின் டெலிகேட் எண்ணிக்கையால் பெருக்குங்கள். முழு எண்ணை முதலில் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பெரிய பின்னம் உள்ளவருக்குக் கொடுங்கள்.

4 டெலிகேட் தொகுதியில் ஒருவர் 62 சதவீதம் எடுத்தால் 2.48, மற்றவர் 1.52. ஆளுக்கு 2 தான். 63 எடுத்தால் 2.52, உடனே 3–1. ஆனால் 5 டெலிகேட் தொகுதியில் 51 சதவீதமே 3–2 தந்துவிடும். அதனால் ஒற்றைப்படைத் தொகுதி எது, இரட்டைப்படை எது என்று முதலிலேயே குறித்து வையுங்கள்.

பின்தங்கியவர் எழுவது ஏன் கடினம் என்பதும் இதிலேயே தெரியும். பிப்ரவரி 5க்குப் பிறகு ஒபாமா வரிசையாக 11 போட்டிகளில் வென்றார். மார்ச் 4 அன்று ஓஹையோவில் ஹிலாரி கிட்டத்தட்ட 9 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தும், கூடுதலாகக் கிடைத்த டெலிகேட் பத்தைத் தொடவில்லை.

கேள்வி: டெக்சாஸில் ஜெயித்தது யார்? ஆளுக்கொன்று சொல்கிறார்களே!

பதில்: இரண்டும் சரி. பிரைமரியில் ஹிலாரி வென்றார். ஆனால் 193 டெலிகேட்டில் 67 அன்று மாலை நடந்த காக்கஸுக்கு உரியவை. எல்லாம் சேர்த்து ஒபாமா 99, ஹிலாரி 94.

கேள்வி: 2016 ஜனநாயகக் கட்சி பிரைமரியில், மிச்சிகனில் கணிப்புகள் ஏன் அப்படிச் சறுக்கின?

பதில்: ஹிலாரிக்குச் சுமார் 20 புள்ளி முன்னிலை என்றார்கள், அவரை எதிர்த்து நின்ற பெர்னி சாண்டர்ஸ் 49.7க்கு 48.3 சதவீதம் என்று வென்றார். ஓட்டுப் போட யார் வருவார்கள் என்று கணிக்கப் பழைய தேர்தல்தான் அடிப்படை. 2008இல் பிரைமரியை எந்தத் தேதியில் நடத்துவது என்ற தகராறால் மிச்சிகன் வாக்குச்சீட்டில் ஒபாமாவின் பெயரே இல்லை, ஆகவே நம்பத்தக்க பழைய கணக்கும் இல்லை. கட்சி சாராதவர்களும் அங்கே ஓட்டுப் போடலாம், அவர்களையும் இளைஞர்களையும் குறைவாக எடைபோட்டார்கள். ஆனாலும் அதே இரவில் மிசிசிப்பியில் ஹிலாரி 80 சதவீதத்துக்கு மேல் எடுத்ததால், மொத்த டெலிகேட்டில் அவருடைய முன்னிலை கூடத்தான் செய்தது.

கேள்வி: குடியரசுக் கட்சிக்கும் இதே கணக்கா?

பதில்: இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. 2016இல் ஃபுளோரிடாவில் முதலில் வந்தவருக்கே 99 டெலிகேட்டும். அப்படிப்பட்ட மாநிலத்தில் தொகுதிக் கணக்கு வேண்டாம், முதலிடம் யாருக்கு என்று மட்டும் பாருங்கள்.