அளவு சேராத உடையைத் திருப்பி அனுப்பும் செலவை யார் ஏற்க வேண்டும்?

இணையத்தில் வாங்கிய கால்சட்டை இடுப்பில் சேரவில்லை என்றும், திருப்பி அனுப்பும் கூரியர் கட்டணத்தை வாங்கியவரே செலுத்த வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார் என்றும், இதை ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பல நேரங்களில் வழி உண்டு. ஆனால் ரிட்டர்ன் பொத்தானை அழுத்துவதற்கு முன்பாகவே ஒரு வேலையைச் செய்தாக வேண்டும்.

வந்த உடையை ஒரு மேசைமீது சுருக்கமில்லாமல் விரித்து, இஞ்ச் டேப்பால் அளந்து பாருங்கள். பொத்தானைப் போட்டு, இடுப்புப் பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்து இரண்டால் பெருக்கினால் இடுப்புச் சுற்றளவு கிடைக்கும். சட்டையாக இருந்தால் ஒரு அக்குளின் தையலிலிருந்து மறு அக்குளின் தையல் வரை அளந்து இரட்டிக்க வேண்டும். கிடைத்த எண்ணைக் கடையின் அளவு அட்டவணையோடு ஒப்பிடும்போது, அந்த அட்டவணை உடம்பின் அளவைச் சொல்கிறதா, தைத்து முடித்த உடையின் அளவைச் சொல்கிறதா என்பதைக் கட்டாயம் கவனியுங்கள். உடம்பின் அளவைச் சொல்லும் அட்டவணை என்றால், தாராளமாக அணிவதற்காகத் தைக்கும்போதே விடப்படும் கூடுதல் இடமும் உடையில் இருக்கும். ஆகவே இரண்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இந்த அளவெடுப்பை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. உடை அட்டவணையில் சொன்ன அளவிலேயே இருந்து உங்களுக்குப் பொருந்தாமல் போவது ஒன்று; அட்டவணையில் சொன்ன அளவில் உடையே இல்லாமல் இருப்பது முற்றிலும் வேறு. முன்னதில் செலவு பெரும்பாலும் உங்களைச் சேரும். பின்னதில், விவரித்தபடி பொருளை அனுப்பாதவர் விற்பவர்தான் என்பதால் செலவும் அவரைச் சேர வேண்டும். நான் வாங்கிய ஒரு கால்சட்டையின் இடுப்பு, உடையின் அளவென்று அட்டவணையில் குறிப்பிட்டிருந்ததைவிட 4 செ.மீ. குறைவாக இருந்தது. டேப்பை அதன்மேல் வைத்து, எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படமும், உள்பக்கத்து சைஸ் லேபிளை ஒரு படமும், அட்டவணையின் திரைப்பிடிப்பும் சேர்த்து அனுப்பினேன். முதலில் கட்டணம் கேட்ட அதே கடை, கட்டணம் செலுத்தப்பட்ட கூரியர் லேபிளை மறுப்பின்றி அனுப்பி வைத்தது. காரணங்களின் பட்டியலில் ‘அளவு சேரவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். உண்மையான காரணம் எதுவோ அதையே தேர்ந்தெடுங்கள். செலவைத் தவிர்ப்பதற்காகச் சரியான பொருளைப் பழுதென்று சொல்வது நேர்மையில்லை, அளந்து பார்க்கும் கடையிடம் அது நிற்கவும் நிற்காது.

சட்டம் எங்கும் ஒன்றாக இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை நெறிமுறையின்படி, இணையத்தில் வாங்கிய பொருளைக் கையில் பெற்ற 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் வாங்குவதிலிருந்து விலகிக்கொள்ளலாம். திருப்பி அனுப்பும் செலவு வாங்கியவருடையது. ஆனால் அதை வாங்கியவரே ஏற்க வேண்டும் என்று விற்பவர் முன்கூட்டியே தெரிவிக்கத் தவறியிருந்தால் அது விற்பவரைச் சேரும். முழு ஆர்டரையும் திருப்பினால், முதலில் செலுத்திய சாதாரண டெலிவரி கட்டணத்தையும் அவர் திரும்பத் தர வேண்டும். இதைப் பலர் கேட்டு வாங்குவதே இல்லை என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி. உங்கள் அளவுக்கென்றே தைக்கச் சொன்ன உடைக்கு இந்த விலகும் உரிமை கிடையாது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், பழுதான பொருளையும் விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. வெறுமனே சேரவில்லை என்றால் கடையின் சொந்தக் கொள்கைதான் கணக்கு. அமெரிக்காவிலும் அளவு சேராததற்காகத் திருப்பித் தரும் பொதுவான உரிமை எதையும் மத்தியச் சட்டம் தரவில்லை.

ஆகவே கொள்கைப் பக்கத்தை ஆர்டர் செய்வதற்கு முன்பே படித்துவிடுவது நல்லது. அதில் நான் தேடுவது சிலவற்றைத்தான். வேறு சைஸுக்கு மாற்றிக்கொள்வது இலவசமா என்று பார்ப்பேன், ஏனென்றால் பணத்தைத் திருப்பித் தரக் கட்டணம் பிடிக்கும் கடைகளில் பல, எக்ஸ்சேஞ்சுக்குப் பிடிப்பதில்லை. கட்டணம் பொருளுக்கா, பார்சலுக்கா என்று பார்ப்பேன். பார்சலுக்கு என்றால் இரண்டு சைஸ்களை வரவழைத்து ஒன்றைத் திருப்புவது கட்டுப்படியாகலாம், பொருளுக்கு ஒவ்வொன்றாக என்றால் பல பொருட்களைத் திருப்பும்போது செலவு ஏறிக்கொண்டே போகும். இன்னொன்று பெரும்பாலோர் கண்ணில் படுவதில்லை. இலவச டெலிவரிக்கான குறைந்தபட்சத் தொகையை எட்டுவதற்காகக் கூடுதலாக ஒரு பொருளைச் சேர்த்து, பிறகு அதைத் திருப்பினால், சில கடைகள் முதல் டெலிவரி கட்டணத்தையும் ரீஃபண்டிலிருந்து கழித்துக்கொள்ளும்.

செலவு உங்களுடையதுதான் என்று முடிவாகிவிட்டால், அதைக் குறைக்கப் பார்சலின் பருமனைக் குறையுங்கள். பல கூரியர் நிறுவனங்கள் உண்மையான எடையையும், நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ. கணக்கில் பெருக்கி 5000ஆல் வகுத்துக் கிடைக்கும் எடையையும் ஒப்பிட்டு, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. 40, 30, 15 செ.மீ. பெட்டியில் ஒரு சட்டையை வைத்து அனுப்பினால் அது 3.6 கிலோவாகக் கணக்கிடப்படும். அதே சட்டையைத் தட்டையாக மடித்து 35, 25, 5 செ.மீ. அளவுள்ள உறையில் போட்டால் 0.9 கிலோவுக்கும் குறைவு. காலணிக்கு மட்டும் இது பொருந்தாது. அதன் பெட்டியும் பொருளின் பகுதியாகவே கருதப்படுவதால், பெட்டியைத் தூக்கிப் போடாமல் வேறொரு உறைக்குள் வைத்து, முகவரி லேபிளை வெளியுறையில் ஒட்ட வேண்டும்.

வெளிநாட்டுக் கடையாக இருந்தால் உடனே அனுப்பிவிடாதீர்கள். அனுப்பும் கட்டணம் சில நேரம் பொருளின் விலையையே தொட்டுவிடும் என்பதால், பொருளை நீங்களே வைத்துக்கொண்டு விலையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற முடியுமா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். கடைக்கும் அதில் லாபம் இருப்பதால் பலர் சம்மதிக்கிறார்கள். கிடைக்கும் அந்தத் தொகை தையல்காரரின் கூலிக்குப் போதுமா என்றும் பாருங்கள். இடுப்பைப் பிடிப்பதும் நீளத்தைக் குறைப்பதும் எளிய வேலைகள். தோளைச் சரிசெய்வது பெரிய வேலை, அதற்குத் திருப்பி அனுப்புவதே மேல். அனுப்பியே ஆக வேண்டுமென்றால், சுங்கப் படிவத்தில் திருப்பி அனுப்பப்படும் பொருள் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள், இல்லையேல் அங்கே புதிதாக வரி விதிக்கப்பட்டு அதுவும் உங்கள் கணக்கில் ஏறக்கூடும்.

எப்படி அனுப்பினாலும் எடை குறிக்கப்பட்ட ரசீதும் கண்காணிப்பு எண்ணும் இல்லாமல் பார்சலைக் கையை விட்டு விடாதீர்கள். பணம் கணக்கில் வந்ததும், கழித்த தொகை கொள்கைப் பக்கத்தில் சொன்ன தொகைதானா என்று சரிபாருங்கள். அதிகமாகக் கழித்திருந்தால் அளவுப் படங்களையும் ரசீதையும் இணைத்து எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால், அட்டையில் பணம் செலுத்தியவர்கள் அதே ஆவணங்களோடு தங்கள் வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனையை ஆட்சேபிக்கலாம். அதற்கும் காலக்கெடு உண்டு என்பதால் கடையின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.