முட்டிக்கு அடியில் இருக்கும் தலையணையை எடுங்கள்

போன மாதம் முட்டித் தேய்மானத்துக்கான பயிற்சிகள் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'பயிற்சியெல்லாம் தாண்டிப் போச்சு மேடம், ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியாச்சு' என்ற ரகம். சரி, இந்த மாதம் அந்த முட்டி மாற்று ஆபரேஷனையே எடுத்துக்கொள்வோம். நான் பிசியோதெரபிஸ்ட். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதை எலும்பு டாக்டர்தான் எக்ஸ்ரேயையும் உங்களையும் சேர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் நடப்பதுதான் என் பாடு.

என் மாமியாருக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. அடுத்த மாதம் வலது முட்டியை மாற்றப் போகிறார்கள். 'எப்படியும் புது முட்டி வரப்போகுது, அதுவரைக்கும் நடக்காம இருந்துக்கறேன்' என்று கட்டிலை விட்டு இறங்குவதே இல்லை. வீட்டில் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?
– மன்னார்குடி வாசகி

வீட்டை அப்புறம் பார்ப்போம், முதலில் மாமியாரைக் கட்டிலிலிருந்து இறக்குங்கள். டாக்டர் மாற்றப்போவது எலும்பின் தேய்ந்த மேற்பரப்பை மட்டும்தான். தொடை எலும்பின் நுனியிலும் கீழ்க்கால் எலும்பின் தலையிலும் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் சீவிவிட்டு, உலோகத்தால் மூடி, நடுவில் கெட்டியான பிளாஸ்டிக் தகடு ஒன்றை வைக்கிறார்கள். அந்த முட்டியை நிமிர்த்துகிற தொடைத் தசை பழைய தசைதான், அதை யாரும் மாற்றித் தரப்போவதில்லை. ஆபரேஷன் ஆனதும் அது இன்னும் சோர்ந்து போகும், அதற்கு முன்னால் ஒரு மாதம் படுத்தே கழித்தால் எழுந்து நிற்க எதுவும் மிச்சம் இருக்காது.

படுத்த நிலையில் முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதை மெத்தையோடு அழுத்தி 5 எண்ணும்வரை பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு முட்டியை மடக்காமல் காலை ஒரு சாண் உயரம் தூக்கி மெதுவாக இறக்கட்டும். பத்துப் பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. கைப்பிடி உள்ள நாற்காலியில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து பழகட்டும், ஏனென்றால் வாக்கரை அழுத்தப் போவது கைதான். வாக்கரையும் இப்போதே வாங்கிக் கூடத்தில் நடக்க விடுங்கள். ஆபரேஷன் ஆன அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்க வைத்துவிடுவார்கள், வலியோடு ஒரு புது வித்தையும் கற்றுக்கொள்வது கொடுமை. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். இதையும் இப்போதே மனப்பாடம் செய்ய வையுங்கள்.

சர்க்கரை விஷயம். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 8-க்கு மேல் இருந்தால் நிறைய டாக்டர்கள் தேதியைத் தள்ளி வைத்துவிடுவார்கள். அவர்மேல் கோபப்படாதீர்கள், புண் ஆறாமல் சீழ் பிடிக்கும் ஆபத்துக்குப் பயந்துதான் அப்படிச் செய்கிறார். சொத்தைப் பல், சிறுநீர் போகும்போது எரிச்சல், விரல் இடுக்கில் சேற்றுப்புண், ரத்தம் கசியும் பித்தவெடிப்பு எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லி முன்பே சரி செய்துகொள்ளுங்கள், அங்கே இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து புது மூட்டில் போய்க் குடியேறலாம். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, பக்கத்துத் தெரு வைத்தியர் கொடுத்த சூரணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டர் மேசையில் கொட்டுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும்.

இனி வீடு. உட்கார்ந்து போகும் கழிப்பறை இல்லையென்றால் கமோடு நாற்காலி ஒன்று, வாடகைக்கும் கிடைக்கிறது. கட்டிலும் நாற்காலியும் உட்கார்ந்தால் இடுப்பு முட்டியைவிடத் தாழாத உயரத்தில் இருக்கட்டும். கால்மிதிகளைச் சுருட்டிப் பரணில் போடுங்கள். குளியலறையில் ஒரு கைப்பிடி. அவ்வளவுதான், வீட்டையே இடித்துக் கட்ட வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்து 18 நாள் ஆகிறது. பிசியோ வந்து மடக்கும்போது உயிரே போகிறது. வலி நன்றாகக் குறைந்த பிறகு மெதுவாகப் பயிற்சியை ஆரம்பித்தால் ஆகாதா?
– விருதுநகர் வாசகர்

ஆகாது ஐயா. உங்களுக்கு வலிக்கிறது என்பதை நம்புகிறேன், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் தள்ளிப் போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். உள்ளே ஆறும் புண் தழும்பாக இறுகிக்கொண்டே வரும், முதல் ஆறு வாரத்தில் முட்டியை எவ்வளவு நீட்டி மடக்குகிறீர்களோ அதற்கு ஏற்பத்தான் அது அமையும். வலி போகட்டும் என்று காத்திருந்தால் வலி போய்விடும், முட்டியும் விறைத்துவிடும். அப்புறம் மயக்கம் கொடுத்து மடக்கிவிட வேண்டி வரும், அதைக்கூட முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம்.

பொதுவாக இரண்டு வாரத்தில் 90 டிகிரி, அதாவது நாற்காலியில் உட்காரும் அளவு, ஆறு வாரத்தில் 110-க்கு மேல் என்று இலக்கு வைப்போம். இரண்டு நாள் முன்னே பின்னே ஆனால் குடி முழுகாது. டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் போடுங்கள். நிறையப் பேர் பிசியோ போன பிறகு போட்டுக்கொண்டு படுக்கிறார்கள், அதனால் என்ன லாபம்? முடிந்ததும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள், தோலில் நேரடியாக வேண்டாம். ஒரே மணி நேரம் போட்டு வதைப்பதைவிட நாளைக்கு நாலைந்து தடவை, பத்துப் பத்து நிமிடம் செய்வது நல்லது. பிசியோ உங்களைக் கதற வைத்தால்தான் பலன் என்று ஒன்றும் இல்லை. மறுநாள் வீக்கம் கூடியிருந்தால் அவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் மடக்குவதையே பிடித்துக்கொண்டு நீட்டுவதை மறந்துவிடுகிறார்கள். முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்தால் சுகமாக இருக்கும், அந்தச் சுகம்தான் வில்லங்கம். கால் முழுதாக நீளாமல் வளைந்தபடியே இறுகிவிட்டால் ஆயுளுக்கும் நொண்டி நடைதான். என் அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது பகலெல்லாம் நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன், ராத்திரி நான் தூங்கியதும் அப்பா 'பாவம், வலிக்குதாம்' என்று தலையணையைச் செருகிவிடுவார். பத்து நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன், அந்தப் பத்து நாளை ஈடுகட்ட ஒரு மாதம் ஆயிற்று. தலையணை வைத்தே தீர வேண்டும் என்றால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டி அந்தரத்தில் தொங்கித் தானாக நிமிரும்.

தையல் ஆறும்வரை முட்டை, மீன், கத்தரிக்காய், புளி எதுவும் கூடாது, சீழ் வைக்கும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இரண்டு வாரமாக ரசம் சாதம்தான்.
– தேனி வாசகி

பாவம் உங்கள் தையல். புண் ஆறுவதற்கும் தசை தேறுவதற்கும் புரதம் வேண்டும், ரசத்தில் அது எங்கே இருக்கிறது? முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கல் கொடுக்கும், அதனால் கீரை, பழம், தண்ணீர். சீழ் கிருமியால் வருகிறது, கத்தரிக்காயால் அல்ல.

தங்க முட்டி வைத்தால் நீண்ட நாள் வரும் என்கிறார்கள், விலையோ எங்கேயோ இருக்கிறது. எங்களுக்கு அவ்வளவு வசதி இல்லை. சாதாரண முட்டி போதுமா?
– கடலூர் வாசகர்

போதும். அதில் தங்கம் இல்லை, உலோகத்தின் மேல் டைட்டானியம் நைட்ரைடு போன்ற ஒரு பூச்சு, அதன் நிறம் அப்படி. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு யோசிக்கலாம், மற்றவர்களுக்கு அது கூடுதல் ஆண்டுகள் உழைக்கும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. வெளிநாட்டு மூட்டு மாற்றுப் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, மாற்றிய முட்டிகளில் பத்தில் எட்டு 25 ஆண்டுகள் தாங்குகின்றன. அவை பெரும்பாலும் உங்கள் 'சாதாரண' ரகம்தான். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முட்டி உபகரணங்களுக்கு உச்ச விலை வைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் ரகத்துக்கு அப்போது வைத்தது 54,720 ரூபாய், வரி தனி. அதனால் பில்லில் உபகரணத்தின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்கலாம். அதை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் விசாரியுங்கள், அங்கேயும் இதைச் செய்கிறார்கள்.

ஐந்து வாரம் ஆகியும் வீக்கமும் சூடும் இருக்கிறது. தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப்போயிருக்கிறது, நடந்தால் 'டக் டக்' சத்தம் வேறு. பயமாக இருக்கிறது.
– பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதியவர்

நீங்கள் சொன்ன நான்குமே வழக்கமாக வருபவை. வீக்கமும் லேசான சூடும் மூன்று முதல் ஆறு மாதம்வரை இருக்கலாம். மரத்த இடம் சிலருக்குச் சுருங்கும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும். சத்தம் உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்வது. ராத்திரித் தூக்கம் கெடுவதும் இந்தக் கட்டத்தில் சகஜம்.

பயப்பட வேண்டியவை வேறு. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி இறுகி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேரே 108. தையலில் நீர் கசிந்தால், சிவப்பு பரவினால், குளிர் காய்ச்சல் வந்தால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள். மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். அது கிருமியைக் கொல்லாமல் மறைத்துவைத்து, பிறகு பரிசோதனையில் எதுவும் பிடிபடாமல் செய்துவிடும்.

ஸ்கூட்டர் எப்போது ஓட்டலாம்?
– திருப்பூர் வாசகி

ஆறு வாரத்துக்கு முன் பேச்சே வேண்டாம். அதன் பிறகும், தூக்கம் வரவைக்கும் வலி மாத்திரை நின்றிருக்க வேண்டும், டாக்டரும் சரி சொல்லியிருக்க வேண்டும். வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, ஏறி உட்கார்ந்து, சிக்னலில் நிற்கும்போது எந்தக் காலை ஊன்றுவீர்கள் என்று பாருங்கள். அது ஆபரேஷன் ஆன கால் என்றால் இன்னும் ஒரு மாதம் பஸ்ஸில் போங்கள்.