இரண்டு புரொசசர் உள்ள கணினியில் என்விடியா இயக்கி வேலை செய்யவில்லை: லினக்ஸ் பல்புரொசசருக்கு ஒத்துவராதா?

கேள்வியின் சாரம் இதுதான்: உப்புவெளியில் இருக்கும் நீங்கள், இரண்டு சியோன் புரொசசர்கள் பூட்டிய பாவித்த கணினியொன்றை வாங்கி, உபுண்டு 22.04 ஏற்றி, அதிலுள்ள குவாட்ரோ கே2000 கிராபிக்ஸ் அட்டைக்கு என்விடியாவின் 535 இயக்கியை (டிரைவரை) நிறுவியிருக்கிறீர்கள். அதன் பிறகு, அட்டையின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை இயக்கியுடன் தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது. திரைக் காட்சியைக் கையாளும் எக்ஸோர்க் மென்பொருளுக்குக் கையால் எழுதிய அமைப்புக் கோப்பைச் சேர்த்ததும் திரை கறுப்பாகிவிட்டது. இரண்டு புரொசசர் இருந்தால் லினக்ஸ் ஒத்துவராது என்று விற்றவர் சொன்னது உண்மையா என்று கேட்கிறீர்கள்.

உண்மையல்ல. லினக்ஸின் மையக்கருவான கேர்னல் 1996இல் வெளியான 2.0 பதிப்பிலிருந்தே பல புரொசசர்களைக் கையாளுகிறது. ஆனாலும் இந்த நம்பிக்கை வெறுமனே முளைத்ததல்ல. 2000களின் தொடக்கத்தில் ரெட் ஹாட் போன்ற வழங்கல்களில் ஒற்றைப் புரொசசருக்கு ஒரு கேர்னலும் பல புரொசசர்களுக்கு எஸ்எம்பி என்ற பெயரில் இன்னொரு கேர்னலும் தனித்தனியாக வந்தன. ஒன்றை ஓடவிட்டு மற்றதன் தலைப்புக் கோப்புகளை (ஹெடர்) வைத்து இயக்கியைத் தொகுத்தவர்களுக்கு அது ஏறவே இல்லை. இன்று உபுண்டுவில் கேர்னல் பொதி இரண்டுக்கும் ஒன்றே. கேர்னலின் விவரத்தைக் காட்டும் யூநேம் -a கட்டளையின் விடையில் எஸ்எம்பி என்ற எழுத்துகள் சாதாரண மடிக்கணினியிலும் தெரியும்.

உங்கள் முதற் கோளாறு இயக்கியின் பதிப்பு. கே2000 கெப்ளர் தலைமுறையைச் சேர்ந்தது. அந்தத் தலைமுறைக்கு என்விடியா தந்த கடைசிக் கிளை 470. கேர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் விடையில் என்விஆர்எம் என்று தொடங்கும் என்விடியா இயக்கியின் வரிகளைத் தேடிப் பாருங்கள். இந்த அட்டைக்கு 470 மரபு (லெகசி) இயக்கியே பொருந்தும் என்று இயக்கியே அங்கு எழுதிவைத்திருக்கும். பெயரைப் பார்த்து மட்டும் தலைமுறையைத் தீர்மானிக்க வேண்டாம்: கே620 அட்டையின் பெயரிலும் அதே எழுத்து உண்டு, ஆனால் அது மாக்ஸ்வெல். எனவே 535ஐ முழுமையாக நீக்கிவிட்டு, களஞ்சியத்திலுள்ள என்விடியா-டிரைவர்-470 பொதியை நிறுவுங்கள். இணையதளத்திலிருந்து இறக்கும் ரன் கோப்பை நான் பரிந்துரைக்கமாட்டேன். கேர்னல் புதுப்பிக்கப்படும்போது டிகேஎம்எஸ் என்ற கருவி இயக்கியைத் தானாகவே மீளத் தொகுத்துக்கொள்வது பொதியின் பெரிய வசதி.

தொகுப்பு இடையில் நின்றால், வார் (/var) அடைவுக்குள் டிகேஎம்எஸ் வைத்திருக்கும் மேக் பதிவுக் கோப்பைத் திறந்து, முதலில் தோன்றும் பிழையைப் படியுங்கள். கடைசி வரி பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. 22.04இல் 6.5 கேர்னல் ஓடினால், அது ஜிசிசி என்ற தொகுப்பியின் 12ஆம் பதிப்பால் தொகுக்கப்பட்டது என்பதையும், உங்களிடம் இயல்பாக இருப்பது ஜிசிசி 11 என்பதையும் கவனியுங்கள். அடையாளம் தெரியாத தெரிவு என்று பிழை வந்தால் ஜிசிசி-12 பொதியை நிறுவினால் போதும். புரொசசர்களின் எண்ணிக்கை உண்மையில் தலையிடும் இடம் ஒன்று இங்கே உண்டு. டிகேஎம்எஸ் எத்தனை புரொசசர் இழைகள் (திரெட்) இருக்கின்றனவோ அத்தனை தொகுப்பு வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்கும்; நினைவகம் குறைவாக இருந்தால் கேர்னல் அவற்றில் சிலவற்றை இடையில் கொன்றுவிடும். வேலைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுத்தால் மெதுவாக, ஆனால் ஒழுங்காக முடியும்.

இரண்டாவது கோளாறு எக்ஸோர்க் கோப்பில் இருக்கிறது. அதை விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இரட்டைப் புரொசசர் கணினிகளில் இது பலரையும் வீழ்த்துகிறது. கணினியில் இணைந்த அட்டைகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை உங்கள் அட்டையை 82:00.0 என்று காட்டியது. நீங்களும் அட்டையின் இடத்தைக் குறிக்கும் பஸ்ஐடி வரியில் பிசிஐ:82:0:0 என்று எழுதினீர்கள். எல்எஸ்பிசிஐ தருவது பதினறும எண் (16ஐ அடியாகக் கொண்டது), எக்ஸோர்க் எதிர்பார்ப்பது தசம எண். எட்டைப் பதினாறால் பெருக்கி இரண்டைக் கூட்டினால் 130. எழுத வேண்டியது பிசிஐ:130:0:0. முதற் புரொசசரின் ஸ்லொட்டில் 03 என்பது போன்ற சிறிய எண் வரும்போது இரு முறைகளிலும் எழுத்து ஒன்றுதான் என்பதால் இந்த வேறுபாடு வெளித்தெரிவதில்லை. இத்தகைய சியோன் கணினிகளில் இரண்டாம் புரொசசரின் பஸ் எண்கள் வழக்கமாக 80இலிருந்து தொடங்குவதால், அங்கு மட்டும் பிழை தலைகாட்டுகிறது. வேறு கிராபிக்ஸ் அட்டை எதுவும் இல்லையென்றால் அந்தக் கோப்பையே அகற்றிவிடலாம். எக்ஸோர்க் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

அந்த எண் இன்னொன்றையும் சொல்கிறது: உங்கள் அட்டை இரண்டாம் புரொசசருடன் இணைந்த ஸ்லொட்டில் இருக்கிறது. அந்தப் புரொசசரைக் கழற்றினால் அட்டை எல்எஸ்பிசிஐயிலிருந்தே மறைந்துவிடும். ஆகவே சோதனைக்காகவும் அதைக் கழற்ற வேண்டாம். மதர்போர்டின் கையேட்டில் எந்த ஸ்லொட் எந்தப் புரொசசருக்குரியது என்ற படம் இருக்கும். அட்டை சில நாட்களில் தெரிந்து சில நாட்களில் தெரியாமற் போனால் மென்பொருளைத் தேடி அலையாமல், மின்னை முற்றாகத் துண்டித்து, அட்டையைக் கழற்றி, அதன் தொடுமுனைகளை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் துடையுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் திறந்து கிடந்த கணினிகளில் அந்தத் தங்கநிற முனைகள் மங்கிப்போயிருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

கையொப்பமில்லாத இயக்கிகளைத் தடுக்கும் செக்கியூர் பூட் இயங்கினால் கையொப்பச் சாவியை மீளத்தொடக்கத்தின்போது பதிவுசெய்ய வேண்டும். லினக்ஸுடன் வரும் நூவோ இயக்கியை என்விடியா பொதியே முடக்கிவிடும். இவற்றுக்குப் பிறகும் என்விடியா-எஸ்எம்ஐ அட்டையைக் காட்டாவிட்டால், டிமெசேஜில் உள்ள என்விஆர்எம் வரிகளையும், டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் கட்டளையின் விடையையும் முழுமையாகக் கேள்வியில் சேருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.