பட்டாவில் ஏறாத பாட்டன் சமாதி

சேலம் வட்டாரத்துத் தோட்டச் சமாதிகள் பற்றிய கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி (ஓமலூர்): தாத்தா சமாதி இருக்கும் தோட்டத்தைப் பங்காளி விற்றுவிட்டார். வாங்கியவரோ, வில்லங்கச் சான்றிதழில் சமாதியே இல்லை என்கிறார்.

பதில்: எப்படி இருக்கும்? பதிவான பத்திரங்களை மட்டுமே அது காட்டும். பட்டாவிலும் பரப்பும் தீர்வையும்தான் இருக்கும். பழைய அ-பதிவேட்டின் (கிராமத்து நிலங்களின் அடிப்படைப் பதிவேடு) குறிப்புக் கலத்தையும் புல வரைபடத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒற்றைச் சமாதி அவற்றில் ஏறியிருப்பது அபூர்வம். வழக்கு என்று குதிப்பதற்கு முன், சமாதி நிற்கும் ஒரு சென்ட்டையும் அதற்கான வழியையும் விலைக்குக் கேளுங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. குடும்பமே நின்று கும்பிடலாம். கம்பிவேலி போடுவதற்குள் பேசுங்கள்.

கேள்வி (வாழப்பாடி): நாங்கள் இனிமேல்தான் விற்கப்போகிறோம். பத்திரத்தில் என்ன எழுத வேண்டும்?

பதில்: இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்டிருந்தால் எத்தனையோ சமாதிகள் பிழைத்திருக்கும். "சமாதி நீங்கலாக" என்று ஒரு வரி எழுதிவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள். எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று எழுதாவிட்டால், அடுத்த கைக்கு நிலம் மாறும்போது அந்த வரியே காணாமல் போகும். எந்த அளவைக் கல்லிலிருந்து எத்தனை மீட்டர், நான்கு எல்லை எது, வண்டிப்பாதையிலிருந்து வரும் நடைவழி எத்தனை அடி அகலம், எல்லாம் சொத்து விவரத்தில் வர வேண்டும். அதைவிட நல்லது, விற்பதற்கு முன்பே சமாதி இடத்தைத் தனித் துண்டாக அளந்து உட்பிரிவு செய்து அந்தத் துண்டுக்குக் குடும்பத்தின் பெயரில் தனிப் பட்டா வாங்குவது. தரகர் முகம் சுளிப்பார். மனை போடுகிறவருக்குச் சமாதி என்றாலே விலை குறையுமே! சுளிக்கட்டும்.

கேள்வி (ஏற்காடு): காபித் தோட்டத்துக்குள் புதர் மூடிய வெள்ளைக்காரர் கல்லறைகள் உள்ளன. சலவைக்கல் பலகைகளை யாரோ பெயர்த்துப் போய்விட்டார்கள்.

பதில்: சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் இங்கே காபியைக் கொண்டுவந்த பிறகு தோட்டங்கள் பெருகின, துரைமார் சிலர் தோட்டத்திலேயே அடங்கினார்கள். சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களை ஜே.ஜே. காட்டன் தொகுத்து 1905-இல் வெளியிட்டார். காணாமல் போன பலகையின் வாசகம் அதில் கிடைக்கிறதா என்று தேடுங்கள். 1976-இல் பிரிட்டனில் தொடங்கிய தெற்காசியக் கல்லறைகளுக்கான சங்கத்துக்கும் படம் அனுப்பலாம். கூடவே ஒன்று: பக்கத்தில் எழுத்தே இல்லாத ஊன்றுகற்கள் இருந்தால் அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். செடி நட்ட கூலியாட்களுக்குப் புத்தகம் போட யாரும் வரவில்லை.

கேள்வி (அயோத்தியாப்பட்டணம்): இரவோடு இரவாக இடித்துவிட்டால்?

பதில்: இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 301-ஆவது பிரிவில், அடக்க இடத்தில் அத்துமீறுவதற்கு ஓராண்டு வரை சிறை உண்டு. ஆனால் மனம் புண்படும் என்று தெரிந்தே செய்தார்கள் என்பதை நிறுவ வேண்டும். அதற்கு, அங்கே சமாதி இருந்ததற்கே முதலில் சான்று வேண்டுமே! விளக்கு மாடத்து எண்ணெய்க் கறை தெரியும்படி, பின்னால் கிணறோ மலையோ விழும்படி இன்றே படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி (ஆத்தூர்): அம்மாவைச் சொந்தத் தோட்டத்தில் அடக்கம் செய்யலாமா? அப்பா அங்கேதான் இருக்கிறார்.

பதில்: உங்கள் ஆசை புரிகிறது, தம்பி. ஆனால் கிராம ஊராட்சிகளுக்கான 1999-ஆம் ஆண்டு விதிகளின்படி, பதிவு பெற்ற அல்லது உரிமம் பெற்ற இடத்தில்தான் அடக்கம் செய்யலாம். குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டர் இடைவெளியும் பார்ப்பார்கள். முதலில் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள்.