பையன் பாட்டு எழுதுறான்னு தூக்கம் வராத அக்காவுக்கு

அக்கா, நேத்து நீங்க போன்ல அழுதத கேட்டு எனக்கும் மனசு சரியில்ல, அவசரத்துல அரைகுறையா ஏதோ பதில் சொல்லிட்டேன், அதான் இப்ப நிதானமா எழுதுறேன். பையன் பி.காம் ரெண்டாவது வருஷம், மூணு அரியர், ராத்திரி மொட்டை மாடியில கிட்டாரோட உக்காந்துக்கிறான், பதினாலு பாட்டு யூடியூப்ல போட்டிருக்கான், எதுவும் முந்நூறு வியூ தாண்டல. அவங்கப்பா கடைய பாத்துக்கடாங்கிறாரு, இவன் மெட்ராஸ் போறேங்கிறான். ‘இவனுக்கு நெசமாவே திறமை இருக்கா, இல்ல நாங்க ஏமாந்துக்கிட்டு இருக்கமா’ன்னு கேட்டீங்க.

அவன் அனுப்புன நாலு பாட்டையும் கேட்டேன். திறமை இருக்கு. ஆனா இந்த இருபது வருஷத்துல திறமை இருந்தும் பாட்ட விட்டுட்டு போன பிள்ளைங்கள நெறைய பாத்துட்டேன், அதனால எனக்கு அது பெரிய கேள்வியா தெரியல. நான் உங்ககிட்ட ‘அவன்கூட யார் யார் இருக்காங்க’ன்னு கேட்டேன்ல, அதுக்கு நீங்க ‘யாரும் இல்ல தம்பி, தனியாத்தான் உக்காந்திருப்பான்’னு சொன்னீங்க பாருங்க, எனக்கு கவலை வந்தது அங்கதான். அரியர் கூட எழுதி கிளியர் பண்ணிக்கலாம் அக்கா. தனியாளா இருந்துக்கிட்டு இந்த தொழில்ல காலூன்றுறதுதான் ரொம்ப கஷ்டம்.

ஏன்னு சொல்றேன். பாட்டுக்காரனுக்கு வேலை பேப்பர் விளம்பரத்துல வராது, சர்டிபிகேட்ட பாத்தும் வராது, இன்னொரு பாட்டுக்காரன் போன்ல வரும். சித்திரை மாசம் ஒரே நாள்ல நாலு ஊர்ல திருவிழா, கீபோர்டு வாசிக்கிறவர் ரெண்டு ஊருக்கு அட்வான்ஸ் வாங்கிட்டாரு, ராத்திரி பதினோரு மணிக்கு ரிதம் பேட் வாசிக்கிறவருக்கு போன் அடிச்சு ‘உனக்கு தெரிஞ்ச பையன் யாராவது இருக்கானா’ங்கிறாரு. அந்த நேரத்துல ஒருத்தன் பேரு இன்னொருத்தன் வாயில வரணும், மொத வாய்ப்பு அப்படித்தான் வருது. நாதஸ்வரம் தவில்காரங்க காலங்காலமா செட்டாத்தானே இருக்காங்க, நையாண்டி மேளமும் செட்டு, லைட் மியூசிக்கும் செட்டு, சர்ச் குயர்ல வாசிக்கிற பசங்களுக்கும் ஒரு செட்டு இருக்கு. இந்த இண்டிபெண்டன்ட் மியூசிக்னு சொல்லிக்கிட்டு சொந்தமா பாட்டு எழுதுற பிள்ளைங்கதான் ஆளாளுக்கு ஒரு ரூம்ல ஹெட்போன மாட்டிக்கிட்டு தனியா கெடக்குதுங்க.

வருமானமும் வருஷம் பூரா ஒரே மாதிரி வராது, இத நீங்க தெரிஞ்சு வச்சுக்கிட்டா பாதி பயம் போயிரும். மாசி, பங்குனி, சித்திரையில கோயில் கோயிலா கச்சேரி, வைகாசி ஆவணியில கல்யாண வீட்டு ரிசப்ஷன். ஆடியில கல்யாணம் கெடையாது, ஆனா அம்மன் கோயில் கூழ் ஊத்துற ஊரெல்லாம் மேடை போடுவாங்க. மார்கழியிலயும் முகூர்த்தம் இல்ல, ஆனா அப்ப சர்ச்சுல கிறிஸ்மஸ் ப்ரோக்ராம் இருக்கும், பொங்கலுக்கு ஊர் இளைஞர் மன்றம் கூப்பிடும். நடுவுல காஞ்ச மாசங்களும் வரும். அந்த மாசத்துல செட்டுல ஒருத்தன் ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ட்ராக் போட்டுக்கிட்டு இருப்பான், இன்னொருத்தன் பக்தி ஆல்பம் ரெக்கார்டிங் பிடிப்பான், எலெக்ஷன் வந்தா வார்டுக்கு வார்டு பிரசாரப் பாட்டு வேணும்னு வருவாங்க. எழுதத் தெரிஞ்ச பையன் கூட இருந்தான்னா அந்த வேலையில அவனுக்கும் ஒரு பங்கு உண்டு. கொடுத்த மெட்டுக்கு சந்தம் பிசகாம எழுதத் தெரிஞ்சவன் எண்ணிக்கையில கம்மி, தன்னன்னான்னு தத்தகாரம் பாடி அனுப்புனா ஒரு ராத்திரியில பல்லவியும் ரெண்டு சரணமும் எழுதி அனுப்புற பையன யாரும் லேசுல விட மாட்டாங்க.

சரி, செட்டு சேருன்னு சொல்றது சுலபம், எப்படி சேர்றதுன்னு கேப்பீங்க. நான் நேர்ல பாத்தது ஒண்ணு சொல்றேன். பக்கத்து ஊர்ல ஒரு டியூஷன் சென்டர், ஞாயித்துக்கெழம மத்தியானம் காலியாத்தான் கெடக்கும், அந்த ஹால மாசத்துல ஒரு ஞாயிறு நாலு பசங்க கேட்டு வாங்கி ஆரம்பிச்சாங்க. ரூல் ரெண்டே ரெண்டுதான். வர்றவங்க முடிக்காத பாட்டு ஒண்ணு கொண்டு வரணும், வரிய ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் குடுக்கணும். பாடி முடிச்ச ஒடனே யாரும் ‘சூப்பர்’னு சொல்லக் கூடாது, கேட்டுக்கிட்டு இருக்கும்போது எந்த எடத்துல கவனம் போச்சுன்னு மட்டும் பேப்பர்ல பேனாவால கோடு போட்டுக் காட்டணும்.

அன்னிக்கு நானும் ஒரு ஓரத்துல உக்காந்திருந்தேன். ஒரு பையன் நிலாவ வச்சு ஒரு காதல் பாட்டு பாடுனான், குரல் நல்லாத்தான் இருந்துச்சு. எட்டு பேப்பர் திரும்பி வந்துச்சு, ஆறுல ரெண்டாவது வரிக்கு கீழ கோடு. அவன் மூஞ்சி அப்படியே வாடிப் போச்சு. அப்ப சர்ச்சுல கீபோர்டு வாசிக்கிற ஒரு பொண்ணு, ‘அண்ணே, உங்க ஊர்ல நிலா எங்கண்ணே தெரியும்’னு கேட்டுச்சு. இவன் யோசிச்சுட்டு, ‘எங்க தெருவுல வீடெல்லாம் ஒசந்து போச்சு, ரைஸ் மில் கொழாய்க்கு மேலதான் தெரியும், அதுவும் மில்லு ஓடாத அன்னிக்குத்தான், ஓடுனா புகைல தெரியாது’ன்னான். ஹால்ல யாரும் பேசல. அந்த பொண்ணு மெதுவா கீபோர்டுல கட்டைகள சேத்து ரெண்டு தடவ அழுத்துச்சு, இவன் அந்த மில்லு ஓடாத நாளயே பல்லவியா பாட ஆரம்பிச்சான். பதினஞ்சு நிமிஷத்துல பாட்டே வேற ஆயிருச்சு. மொட்டை மாடியில தனியா உக்காந்திருந்தா அந்த கேள்விய அவன யாரு கேட்டிருப்பா சொல்லுங்க.

அந்த கூட்டம் இப்ப எட்டு பேரு. மாசம் ஆளுக்கு 300 ரூபா போடுறாங்க, நம்ம சீட்டு மாதிரிதான், வருஷத்துக்கு 28,800 ஆச்சு, அதுல மைக்க கம்ப்யூட்டரோட இணைக்கிற ஒரு ஆடியோ இன்டர்பேஸும் நல்ல மைக்கும் பொதுவா வாங்குனாங்க, யாருக்கு ரெக்கார்டிங் இருக்கோ அவங்க கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போவாங்க. வேணும்னா சங்கமாவும் பதிவு பண்ணிக்கலாம், 1975ஆம் வருஷத்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேரு இருந்தாலே போதும். சங்கத்து பேர்ல பேங்க் அக்கவுண்ட் இருந்தா மண்டபம் கேக்கவும் ஸ்பான்சர் கேக்கவும் வசதி.

செட்டுல பொம்பளப் பிள்ளை இருந்தா கச்சேரி முடிஞ்சு ராத்திரி எப்படி வீட்டுக்கு வரும்னு பெத்தவங்க பயப்படுறது நியாயம். வண்டிக் காசையும் யாரு கொண்டு வந்து விடுறாங்கங்கிறதையும் அட்வான்ஸ் பேசும்போதே பேசி முடிக்கிற செட்டுக்கு மட்டும் அனுப்புங்க. பசங்க வீட்டுக்கும் இதத்தான் சொல்வேன்.

அடுத்தது காகிதம். இதுல நான் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன், கோச்சுக்காதீங்க. எங்கிட்ட வந்த ஒரு பையன், நல்ல எழுத்து, ஒரு ப்ரைவேட் ஆல்பத்துக்கு மூணு பாட்டு எழுதிக் கொடுத்தான். ‘பேரு போடுறோம் தம்பி’ன்னு சொல்லி ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குனாங்க, என்ன எழுதியிருக்குன்னு அவன் படிக்கவே இல்ல, காப்பியும் வாங்கல. பாட்டு வந்துச்சு, ஊர்ல மைக் செட்டுல எல்லாம் ஓடுச்சு, பேரு இன்னொருத்தருது. அவங்க அம்மா என் ஆபீஸ்ல உக்காந்து அந்த பாட்ட செல்லுல போட்டுக் காட்டுனது இன்னும் கண்ணுலயே நிக்குது.

சட்டம் நம்ம பக்கம் கொஞ்சம் இருக்கு அக்கா, பிள்ளைங்களுக்குத்தான் தெரியல. பாட்டு எழுதி முடிச்ச அந்த நிமிஷமே காப்பிரைட் எழுதுனவனுக்குத்தான், அவன் இருக்குற வரைக்கும் உண்டு, அவனுக்கு அப்பறம் வாரிசுக்கு இன்னும் 60 வருஷம். பதிவு பண்ணணும்னு கட்டாயம் இல்ல, பண்ணா தகராறு வரும்போது கையில ஒரு ஆதாரம், பாட்டு வரிக்கோ மெட்டுக்கோ கட்டணம் 500 ரூபா. 2012ல காப்பிரைட் சட்டத்த திருத்துனாங்க. அதுப்படி பாட்டாசிரியரும் இசையமைப்பாளரும் தன் ராயல்டி உரிமைய, அதாவது பாட்ட பயன்படுத்தும்போது வர்ற பங்குக் காச வாங்குற உரிமைய, தன் வாரிசுக்கும் காப்பிரைட் சொசைட்டிக்கும் தவிர வேற யாருக்கும் எழுதிக் குடுக்க முடியாது. சினிமாப் பாட்டா இருந்தா தியேட்டர்ல படத்தோட ஓடுறதுக்கு இது பொருந்தாது, டிவி, ரேடியோ, ஹோட்டல், நெட்டுன்னு மத்த எடத்துல எல்லாம் பொருந்தும், சினிமாவுல வராத ஆல்பப் பாட்டுக்கும் உண்டு. அந்த காச வசூல் பண்ணி எழுதுனவங்களுக்கும் மெட்டு போட்டவங்களுக்கும் பிரிச்சுக் குடுக்க ஐ.பி.ஆர்.எஸ்.னு 1969லயே ஆரம்பிச்ச சொசைட்டி இருக்கு. பையன் பாட்டு ரெண்டு மூணு ஒழுங்கா ரிலீஸ் ஆன ஒடனே அதுல மெம்பர் ஆகிறது எப்படின்னு பாக்கச் சொல்லுங்க.

கூட்டுக்குள்ளயும் காகிதம் வேணும். சிநேகிதம்தானேன்னு விட்டா அங்கதான் மனசு முறியும். பாட்டு முடிஞ்ச அன்னிக்கே, டீக்கடையில உக்காந்துகூட எழுதலாம், வரி யாருது, மெட்டு யாருது, வாத்தியமெல்லாம் சேத்து அரேஞ்ச்மென்ட் பண்ணது யாரு, ஆளுக்கு எத்தன சதவீதம், தேதி, எல்லாரோட கையெழுத்து, ஒரு பக்கம் போதும். எல்லாரும் அத போட்டோ எடுத்து வச்சுக்கணும். பாட்டு நாலு பேருக்கு தெரியறதுக்கு முன்னாடி இத பேசிட்டா யாருக்கும் சங்கடம் இல்ல, ஓட ஆரம்பிச்ச பிறகு பேசுனா எல்லாருக்குமே சங்கடம்.

மெட்ராஸ் போறது பத்தி. போகவே கூடாதுன்னு சொல்லல, இப்ப வேணாங்கிறேன். அங்கயும் கூட்டு சேந்தவங்கதான் மேடைய உருவாக்கியிருக்காங்க. 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கிற இசைக்குழு மேடை ஏறுனப்ப கானா பாடுறவங்க, ராப் பாடுறவங்க, பறை, கிட்டார் வாசிக்கிறவங்கன்னு பத்தொன்பது பேரு. அதுல ஒவ்வொருத்தரும் தனித்தனியா வாய்ப்பு கேட்டு அலைஞ்சிருந்தா அந்த மேடை எப்ப கெடச்சிருக்கும்னு நெனச்சுப் பாருங்க. அதுக்கப்பறம் மார்கழியில சபா கச்சேரி நடக்குற அதே மாசத்துல மக்களிசைன்னு ஒப்பாரி, கானா, நாட்டுப்புறப் பாட்டுக்குன்னே தனியா மேடை வந்துச்சு. பொங்கல் சமயத்துல அரசாங்கம் நடத்துற சென்னை சங்கமம் நம்ம ஊரு திருவிழாவுக்கு பல மாவட்டத்துல இருந்து நாட்டுப்புறக் கலைக்குழு போகுது. குழுவா இருந்தாத்தான் அங்க எடம்.

ஊர்ல இருக்கிறதையே பலபேர் பாக்கிறதில்ல. மதுரையில அரசு இசைக் கல்லூரி இருக்கு, பல மாவட்டத்துல அரசு இசைப்பள்ளி இருக்கு, மூணு வருஷப் படிப்பு, குரலிசை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில், தேவாரம் எல்லாம் சொல்லித் தர்றாங்க. இவன் கோர்ஸ் சேராட்டியும் அங்க படிக்கிற பிள்ளைங்களோட பழகட்டும், வயலினுக்கும் தவிலுக்கும் ஆளு அங்கதான் கெடைக்கும். வானொலி நிலையத்துல ஆடிஷன் வச்சு பி, பி ஹை, ஏ, டாப்னு கிரேடு தர்றாங்க, கிரேடு இருந்தா எந்த ஊர் மேடையிலயும் ஒரு மரியாதை. செட்டுல பறையோ கரகப் பாட்டோ பண்றவங்க இருந்தா நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல பதிவு பண்ணச் சொல்லுங்க. 18ல இருந்து 25 வயசு வரைக்கும் இளம் கலைஞர்களுக்கு மத்திய கலாசார அமைச்சகம் மாசம் 5,000 ரூபா, ரெண்டு வருஷத்துக்கு ஸ்காலர்ஷிப் தர்றாங்க, ஆனா அதுக்கு ஒரு குருகிட்ட முறையா கத்துக்கிட்டு இருக்கணும், மொட்டை மாடிப் பழக்கம் மட்டும் பத்தாது.

எந்தக் கூட்டத்துக்கு அனுப்பக் கூடாதுன்னும் சொல்லிர்றேன். சான்ஸ் வாங்கித் தர்றோம், மொத இவ்வளவு கட்டுங்கன்னு கேக்கிற எடம் வேணாம். எல்லாப் பாட்டுலயும் ஒருத்தர் பேரு மட்டுமே வர்ற எடமும் வேணாம். ப்ராக்டீஸ் முடிஞ்சதும் தினம் பாட்டில் தொறக்குற செட்டு எவ்வளவு பெரிய செட்டா இருந்தாலும் சரி, வேணாம்.

டிகிரிய விடச் சொல்லாதீங்க. பி.காம் இந்த தொழிலுக்கு சம்பந்தம் இல்லாத படிப்புன்னு அவன் நெனைக்கிறான், எனக்கு அப்படி தோணல. ஒரு செட்டுல கணக்கு எழுதத் தெரிஞ்சவன், ஜி.எஸ்.டி. பில் போடத் தெரிஞ்சவன், ஒப்பந்தத்த படிச்சு இது சரியில்லன்னு சொல்லத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்தா அவன நம்பி பத்து பேரு இருப்பாங்க. அவங்கப்பா கடைக் கணக்க சனிக்கெழம மட்டும் எழுதட்டும், அவருக்கும் மனசு ஆறும், இவன் கையும் பழகும்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது அக்கா. இன்னிக்கு ராத்திரி மாடிக்குப் போயி அவன திட்டாம, ஒரு பாட்டு முழுசா பாடச் சொல்லிக் கேளுங்க, பதினாலு பாட்டுல நீங்க ஒண்ணுகூட முழுசா கேட்டதில்லன்னு நீங்களேதான் சொன்னீங்க. உங்க தெரு முனையில தவில் அடிக்கிற பெரியவர் ஒருத்தர் இருக்காருன்னீங்கல்ல, அவர ஒரு நாள் வீட்டுக்கு டீ குடிக்க கூப்பிடுங்க, பையனும் கூட இருக்கட்டும். நான் சொன்ன அந்த டியூஷன் சென்டர் கூட்டம் இந்த மாசம் கடைசி ஞாயிறு, மூணு மணிக்கு, நானே அவன கூட்டிட்டுப் போறேன், முடிக்காத பாட்டு ஒண்ணும் ஒம்பது ஜெராக்ஸும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அவங்கப்பாவும் வந்தார்னா இன்னும் சந்தோஷம், பின்னாடி பெஞ்சு காலியாத்தான் இருக்கும். அரியர் பரீட்சை தேதி மூணையும் எனக்கு வாட்ஸ்அப்ல போடுங்க, அந்த வாரத்துல கச்சேரி எதுவும் ஒத்துக்க வேணாம்னு பசங்ககிட்ட நான் முன்னாடியே சொல்லி வைக்கிறேன்.