ஐப்பசி மழையும் சாலையோரக் கடையும்

அன்புள்ள அக்கா,

நாங்கள் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால் பக்கம் ஒன்றே கால் ஏக்கரில் காய்கறி போடுகிறோம். சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட சின்னக் கடை. மாலை 4 மணியிலிருந்து 7:30 வரை அப்பாவும் அம்மாவும் உட்காருவார்கள். நான் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து சேர்ந்துகொள்வேன். டுரியான் காலத்தில் நல்ல வியாபாரம். செப்டம்பரில் மழை பிடித்ததும் படுத்துவிடும். போன அக்டோபரில் பல நாள் 30 வெள்ளிகூட (ரிங்கிட்) தேறவில்லை. அப்பாவுக்கு 67 வயது. இந்த வருடம் பொங்கல் வரை கடையை மூடிவிடலாம் என்கிறார். கனடாவில் இருக்கும் தங்கை, பனியிலும் திறந்திருக்கும் ஒரு பண்ணைக் கடையின் வீடியோவை அனுப்பி, "இங்கே பனியிலேயே விற்கிறார்கள், உங்களுக்கு மழை ஒரு சாக்கா?" என்று கேட்கிறாள். உங்கள் அம்மா மழைக்காலத்திலும் கடையை மூடியதில்லை என்று முன்பு எழுதியிருந்தீர்கள். நாங்கள் என்ன செய்யலாம்?

த., நிபோங் திபால்

அன்புள்ள தம்பி,

மூட வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் மாலைக் கடை வேண்டாம்.

முதலில் தங்கையின் வீடியோ. அந்த மாதிரிக் கடைகளில் குளிர்காலத்தில் பெரும்பாலும் புதிதாக விளைவித்து விற்பதில்லை. பகல் வெளிச்சம் 10 மணி நேரத்துக்குக் கீழே போனால் செடியின் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். டொராண்டோ பக்கத்தில் நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை அதுதான் நிலை. அதனால் கோடை முடியும்போதே கீரையை விதைத்து, குளிர் வருவதற்குள் பிளாஸ்டிக் கூடாரத்தில் வளர்த்து நிறுத்திவிடுவார்கள். பிறகு அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி விற்பார்கள். மேசையில் இருக்கிற மற்றதெல்லாம் சேமித்து வைத்தவை: உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட், பூசணி, ஆப்பிள், ஜாம், தேன். பனியில் திறந்திருக்கிற கடை ஆகஸ்டில் யோசித்து முடித்த கடை.

நம் கதை வேறு. பினாங்கில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் 40 நிமிடம்கூட வித்தியாசம் இல்லை. செடி வளர்ந்துகொண்டேதான் இருக்கும். இங்கே மழை தடுப்பது வாங்க வருகிறவர்களைத்தான். மாலையில் மோட்டாரில் வீடு திரும்புகிற மனிதர் மழைக்கோட்டோடு உங்கள் கடையைத் தாண்டிப் போய்விடுகிறார். கோஸோ கீரையோ, அவர் இறங்கி நிற்கப் போவதில்லை.

செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை பருவக்காற்று திசை மாறுகிற சமயம். அப்போது நம் கரையில் இடியோடு மழை வருவது பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும். அதாவது நீங்கள் கடை விரிக்கிற அதே நேரத்தில். காலையில் போட்டுப் பாருங்கள். 6:30க்கு இருட்டாகத்தான் இருக்கும், நமக்கு விடிவதே 7 மணிக்கு மேல்தான், நல்ல விளக்கு ஒன்று வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்புகிற தாய்மார்கள், இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், கோயிலுக்குப் போகிற வழியில் நிற்கிறவர்கள். 10 மணிக்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடலாம். சில நாள் விடியற்காலையிலேயே கடல் பக்கமிருந்து காற்றும் மழையும் அடிக்கும். அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. பொங்கல் வரை மூடினால் மழை குறைந்த பிறகும் மூடியிருப்பீர்கள். வருடக் கடைசியில் வருகிற வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையில் கிளந்தானையும் திரங்கானுவையும் மூழ்கடிக்கும். நடுவில் தித்திவாங்சா மலைத்தொடர் நிற்பதால் நம் பக்கத்துக்கு அந்த ஈரம் அவ்வளவாக வந்து சேராது. ஜனவரியும் பிப்ரவரியும்தான் பினாங்கில் மழை குறைந்த மாதங்கள்.

இனி எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். டுரியான் காலம் டுரியான்காரர்களின் காலம். அதற்காக வண்டியை நிறுத்துகிறவர் போகிற போக்கில் உங்களிடம் இரண்டு கட்டு வெண்டிக்காய் வாங்குகிறார். காய்கறியும் இலையும் விற்கிற ஒரு தமிழ்க் குடும்பத்துக்குச் சொந்தமான காலம், நீங்கள் மூட நினைக்கிற இந்த நான்கு மாதம்தான். எண்ணிப் பாருங்கள். செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்ததும் நம் வீடுகள் பலவற்றில் மாதம் முழுக்கச் சைவம், சனிக்கிழமை தளிகை. நவராத்திரிக்கு ஒன்பது நாளும் சுண்டல், வெற்றிலை, வாழை இலை. சீனர்களின் ஒன்பது பேரரசர் திருவிழாவும் இதை ஒட்டியே வரும். பட்டர்வொர்த் ராஜா ஊடா பக்கம் மஞ்சள் கொடி பறக்கிற அந்த 9 நாளும் விரதம் இருக்கிற சீனக் குடும்பங்களுக்கும் காய்கறிதான். பிறகு தீபாவளி. அதை விட்டால் உடனே கந்த சஷ்டி, 6 நாள் விரதம். கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போடுவார்கள், ஒருவர் போட்டால் அந்த வீட்டு அடுப்படியே மாறிவிடும். மார்கழியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் கோயிலில் பூஜையும் அன்னதானமும் உண்டு. அப்புறம் பொங்கல், தைப்பூசம்.

என் அம்மா இதையெல்லாம் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. எந்த நாள் கோயிலில் எத்தனை பேருக்குச் சமையல் என்று மடப்பள்ளிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார். அதற்குத் தக்க இலை வெட்டுவார். நீங்கள் அதையே புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) செய்யலாம். பக்கத்துக் கோயில்கள், சைவச் சாப்பாட்டுக் கடைகள், தாமானில் (குடியிருப்பில்) நாலைந்து வீடுகள் என்று ஒரு குழு வைத்து, முந்தின இரவே என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். மழை பெய்தாலும் விற்றுத் தீர்ந்த சரக்கு அது.

என்ன விற்பது? மழை மாதத்தில் இலைகளை முன்னால் வையுங்கள். பாகல், பயற்றங்காய், பீர்க்கு எல்லாம் தொடர்மழையில் பூ உதிர்க்கும், இலையில் நோய் விழும். முருங்கையும் பூவைக் கொட்டிவிடும், ஆனால் கீரை தழைத்துக்கொண்டு வரும். வேரில் தண்ணீர் மட்டும் நிற்கக் கூடாது. கங்கோங் தண்ணீரிலேயே வளர்கிற கீரை, அதற்கு அந்தக் கவலையும் இல்லை. தண்டுக்கீரை சின்ன நாற்றாக இருக்கும்போது பெருமழை அடித்தால் மண்ணோடு ஒட்டி அழுகிவிடும். ஒரு முழ உயரத்துக்குப் பாத்தியை ஏற்றி, மேலே மூங்கில் வளைத்து பிளாஸ்டிக் போட்டால் போதும், பக்கவாட்டில் காற்றுப் போக விட்டுவிடுங்கள். கீரையும் கங்கோங்கும் விதைத்து ஒரு மாதத்துக்குள் கைக்கு வரும். இந்த வாரம் விதைத்தால் நவராத்திரிக்கு இருக்கும்.

வாழை இலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நான் தவறு செய்திருக்கிறேன். எனக்கு 19 வயது. ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்கு 300 இலை கேட்டிருந்தார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல். மழை விட்டதும் விடாததுமாக வெட்டி, ஈரத்தோடு இறுகச் சுருட்டி, சாக்கில் திணித்துக் கட்டி வைத்தேன். விடியற்காலை பிரித்தபோது உள்ளே இருந்த இலைகள் சூடேறிப் பழுப்பு விழுந்து, வாசமே மாறியிருந்தன. அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. காய்ச்சலோடு டார்ச் எடுத்துக்கொண்டு கொல்லைக்கு இறங்கினார். பக்கத்து வீடுகளில் கேட்டு, இருட்டிலேயே வெட்டி, 8 மணிக்குள் மண்டபத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த வீட்டார் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே முறைதான். இலை காய்ந்திருக்கும்போது வெட்டுவது. முடியாவிட்டால் ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து, மூங்கில் கழியின் மேல் ஒரு மணி நேரம் போடுவது. லேசாக வாடினால் மடிக்கும்போது கிழியாது. அப்புறம் தளர்வாகக் கட்டுவது. காற்றில் கிழிந்த இலையைத் தூக்கிப் போடாதீர்கள், நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) மடிக்கிறவருக்குச் சின்னத் துண்டுதான் வேண்டும். ஆனால் குலை தள்ளப் போகிற மரத்தில் கை வைக்காதீர்கள். இலையை உருவினால் பழம் தேறாது. இலைக்கென்று ஒரு ஓரத்தில் தனியாக நாலு குத்து விட்டுவிடுங்கள். கறிவேப்பிலைக்கும் ஈரம் ஆகாது. நனைந்ததைக் கட்டி வைத்தால் மறுநாளே கறுத்துப்போகும்.

விலை விஷயத்தில் எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. வருடக் கடைசியில், மலைக் காய்கறி வருகிற கேமரன் மலையிலும் மழைதான். சாலையில் மண் சரிந்து லோரிகள் தாமதமானால் பாசாரில் (சந்தையில்) கோஸ், தக்காளி விலை ஏறிவிடும். அப்போது உங்கள் வெண்டிக்காயையும் கூட்டி விற்கத் தோன்றும். செய்யாதீர்கள். தீபாவளி வாரத்தில் 2 வெள்ளி அதிகம் கொடுத்து வாங்கிய அம்மா, கார்த்திகையில் உங்கள் கடைப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் போவார். சின்னக் கடைக்கு இருக்கிற ஒரே பலம் தெரிந்த முகம்தான்.

தங்கையின் வீடியோவிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு என்றால் அது சேமிப்பு. நமக்கு அந்த வேலைக்கான வெயில் தையிலும் மாசியிலும் கிடைக்கும். மோர்மிளகாய், சுண்டைக்காய், மணத்தக்காளி, பாகற்காய் வற்றலெல்லாம் அப்போது காயவைத்து டப்பாவில் அடைத்தால், அடுத்த புரட்டாசியில் மேசையில் ஒரு வரிசை நிற்கும். அக்டோபரில் காயவைத்தால் பூஞ்சைதான் பிடிக்கும். இந்த வருடத்துக்கு அது இல்லை, சரி. முற்றிய பரங்கிக்காயும் நீர்ப்பூசணியும் கையில் இருந்தால் காம்போடு அறுத்து, ஈரமில்லாத நிழலில் பலகை மேல் வையுங்கள். மாதக்கணக்கில் இருக்கும்.

அம்மா மழைக்காலத்தில் கடையை மூடியதில்லை என்று நான் எழுதியது முழு உண்மை இல்லை. திருத்திக்கொள்கிறேன். வெள்ளம் வந்த நாள்களில் மூடினார். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்குத் தீவும் பெருநிலப் பகுதியும் மூழ்கி 7 பேர் உயிர் போனது உங்களுக்கு நினைவிருக்கும். வானிலைத் துறையின் எச்சரிக்கை மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்குப் போனால் கடையைப் பற்றியே யோசிக்க வேண்டாம். இடி இடிக்கும்போது அந்தத் தகரக் கொட்டகையில் யாரும் உட்காரவும் வேண்டாம்.

கடைசி மூன்று வருடம் அம்மா மற்ற நாள்களிலும் மூடினார். "மழையா இருக்கு, இன்னிக்கு வேண்டாம்" என்பார். நாங்கள் சில நாள் சரி என்போம், சில நாள் சலித்துக்கொள்வோம். ஒரு பிப்ரவரியில், வானம் வெளுத்துக் காய்ந்து கிடந்த காலையில், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று அதே வார்த்தையைச் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டு முழங்காலும் அவருக்கு எத்தனை நாளாக வலித்துக்கொண்டிருந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. கேட்டதில்லை.

உங்கள் கடிதத்தில் அப்பாவின் வயதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் அந்த வரியில்தான் அதிக நேரம் நின்றேன். வாழ்நாள் முழுக்க மழையில் வேலை செய்த மனிதர் இந்த வருடம் மழையைக் காரணம் சொல்கிறார். கடையைப் பற்றிப் பேசும் முன் ஒரு நாள் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். முதுகோ, காலோ, கண்ணோ, என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு கடையை அவருக்குத் தக்கபடி அமையுங்கள். வாரம் ஏழு நாளும் வேண்டியதில்லை. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாள் காலை போதும். நல்ல முதுகு வைத்த நாற்காலி, காலுக்குக் கீழே ஈரம் ஏறாத பலகை, சாரல் பக்கம் ஒரு கேன்வாஸ். தூக்குவதும் இறக்குவதும் நீங்கள் வேலைக்குப் போவதற்கு முன்னால் செய்துவிடுங்கள். அதுவும் முடியாது என்று அவர் சொன்னால் கடையை விரிக்காமல், புலனத்தில் கேட்டவர்களுக்கு மட்டும் இலையும் கீரையும் கொடுங்கள். அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து இலை துடைக்கட்டும், விருப்பமிருந்தால்.

பொங்கலுக்குக் கொத்து மஞ்சள் விற்கலாமே என்று தோன்றியிருக்கும். இந்த வருடம் நேரம் போய்விட்டது, மஞ்சளுக்கு எட்டு ஒன்பது மாதம் வேண்டும். சித்திரை கடைசியில், வைகாசி தொடக்கத்தில் நட்டால் அடுத்த தைக்குப் பானையில் கட்டுகிற அளவுக்கு இலையோடு நிற்கும். எங்கள் கொல்லையில் அம்மா நட்டது இன்னும் முளைத்துக்கொண்டிருக்கிறது. மாசியில் கிழங்கு எடுப்பேன். உங்களுக்கு விதைக்கு ஒரு பை வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவையும் கூட்டி வாருங்கள்.

அன்புடன்,
அக்கா