அரை மணி நேரப் பயிற்சியும் மீதி இருபத்து மூன்றரை மணி நேரமும்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 64. ஐந்து வாரங்களுக்கு முன் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் பயிற்சி தருகிறார். அவர் காலை மடக்கும்போது அம்மா அழுதுவிடுகிறார். மற்ற நேரமெல்லாம் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்திருக்கிறார். கால் 80 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. செலவும் கூடுகிறது. வலி நன்றாகக் குறைந்த பிறகு பயிற்சியைத் தொடரலாமா? - ஒரு வாசகி, கும்பகோணம்.

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள். வீங்கிய மூட்டு சற்றே மடங்கிய நிலையில்தான் சுகமாக இருக்கும் என்பதால் ஏறக்குறைய எல்லா நோயாளிகளும் அதை விரும்புகிறார்கள். ஆனால் நாள் முழுவதும் அப்படியே கிடந்தால் முழங்காலின் பின்புறத் திசுக்கள் சுருங்கி, காலை நேராக நீட்டவே முடியாமல் போய், பிறகு நடையில் நொண்டல் நிலைத்துவிடும். அதற்குப் பதிலாகக் குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, முழங்காலைக் கட்டிலை நோக்கி அழுத்தி ஐந்து விநாடி நிறுத்தச் சொல்லுங்கள். பத்து முறை வீதம், ஒரு நாளில் நான்கைந்து வேளை இதைச் செய்தால், தளர்ந்துபோன முன்தொடைத் தசைக்கும் அதுவே பயிற்சியாகிவிடும்.

வலி குறையட்டும் என்று காத்திருப்பது இந்த அறுவை சிகிச்சைக்குப் பொருந்தாது. மூட்டுக்குள் உருவாகும் தழும்புத் திசு முதல் சில வாரங்களில்தான் இளக்கமாக இருக்கும். அறுவைக்கு முன் கால் எவ்வளவு மடங்கியது என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறினாலும், ஆறாவது வாரத்துக்குள் 90 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும் என்றே பொதுவாக எதிர்பார்ப்போம். சமதரையில் நடக்க 70 டிகிரி போதும். படியேற ஏறத்தாழ 90 வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ அதற்கும் சற்று மேலே வேண்டும். ஆகவே இந்த வாரமே அறுவை செய்த மருத்துவரிடம் அம்மாவைக் காட்டுங்கள். தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிடும் சிகிச்சை உண்டு. அது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் செய்தால்தான் நல்ல பலன் தரும்.

அம்மாவின் அழுகையைப் பொறுத்தவரை, நான் அவர் பக்கம்தான். பயத்தில் தசைகள் இறுகிவிட்டால் பிறர் மடக்க மடக்க மூட்டு எதிர்த்து நிற்கும். எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி அல்லது முக்கால் மணி நேரம் முன்பாகக் கொடுங்கள். 'சிறுநீரகம் கெட்டுவிடும்' என்று அதை நீங்களாக நிறுத்திவிடாமல், அந்த அச்சத்தை மருத்துவரிடமே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பாதத்தில் ஒரு பழைய துப்பட்டாவை மாட்டி, இரு முனைகளையும் அம்மாவே பிடித்து, குதிகாலைத் தம் பக்கம் இழுத்து மடக்கட்டும். கட்டுப்பாடு தம் கையில் இருக்கும்போது பலர் துணிந்து இன்னும் சற்றுக் கூடுதலாக மடக்குவதைப் பார்த்திருக்கிறேன். முடிந்ததும் ஈரத்துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைக்கலாம். ஓரிரு மணி நேரத்தில் அடங்கும் வலியைப் பொருட்படுத்த வேண்டாம். மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் மட்டும் எண்ணிக்கையைக் குறைத்து, அதைப் பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள். கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், மூச்சுத் திணறல், காய்ச்சல், தையலில் கசிவு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் எண்ணெய் தேய்த்து உருவிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பிசியோதெரபிஸ்ட் வரும் அரை மணி நேரத்தை அளவெடுக்கவும், தவறுகளைத் திருத்தவும், அடுத்த பயிற்சியைக் கற்கவும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் செய்த எண்ணிக்கை, வலி, மடங்கிய அளவு ஆகியவற்றை எழுதி அவரிடம் காட்டுங்கள். கால் 90-ஐத் தாண்டி, வீட்டுப் பயிற்சி ஒழுங்காக நடக்கத் தொடங்கிய பின், வருகையை வாரத்துக்கு ஒன்றாகக் குறைக்கலாமா என்று அவரிடமே கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும் என்பதால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

அம்மா கைத்தடிக்கு மாறும்போது அதை இடது கையில் பிடிக்க வேண்டும். வலது கால் வலிக்கிறது என்று வலது கையில் பிடிப்பவர்களே அதிகம். படியேறும்போது இடது காலும், இறங்கும்போது வலது காலும் முதலில் போகட்டும்.